கண்ணாடி வேண்டாம்

"கண்ணாடி வேண்டாம்" என்று அவள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

கடைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அடுத்த கம்ப்யூட்டர் கேபினட்டை அலமாரியிலிருந்து இறக்கி, அப்போதுதான் குளிப்பாட்டி எடுத்த குழந்தையைப் போல மேசைமேல் வைத்தார். வெள்ளை நிறம். இரண்டு பக்கமும் கண்ணாடி. சுவிட்சைத் தட்டியதும் உள்ளே இருந்த விசிறிகள் நீலமும் ஊதாவுமாகச் சுழன்றன.

"இப்ப எல்லாமே கண்ணாடிதாம்மா. உள்ள இவ்வளவு சாமானைப் பாத்துப் பாத்துப் போட்டுட்டு மேல தகரத்தைப் போட்டு மூடினா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரிய வேண்டாம்."

"உங்களுக்குத் தெரிய வேணாமா?"

அவள் விசிறிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க சார்" என்றான் கூட வந்திருந்த தம்பி. "எங்கக்காகிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டுப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுட்டு வரலாம். அதுக்குள்ள பதில் வந்துட்டா நம்ம அதிர்ஷ்டம்."

கடைக்காரர் சிரித்தார். அவருக்கு அவளைத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால், இந்தக் கடை ஒரு கதவு அகலத்தில் இருந்தபோது, முதல் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தையும் அவள் இங்கேதான் வாங்கினாள். அப்போது இந்தத் தெருவில் விளையாடுகிற கூட்டம் அவளை 'ஆணி' என்று கூப்பிடும். எதிரி எங்கே ஒளிந்தாலும் நெற்றியில் ஒரே குண்டு. அறைந்தால் அறைந்ததுதான். இப்போது கடை விரிந்திருந்தது. அவர் தலை வெளுத்திருந்தது. பெயரை மட்டும் அவர் மறக்கவில்லை. வாசலில் அவளைக் கண்டதுமே, "ஆணி! எங்கம்மா போயிட்டே இத்தனை வருஷமா?" என்று கூவிவிட்டு, அவளது இடது கையைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கி, நிமிராமல் நின்றுவிட்ட கை அது.

பாகங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள். விட்ட இடமே இல்லை. பழைய பெயர்கள் போய், எண்களும் எழுத்துகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பிராசஸரைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, பழக்கத்தில் அதன் விளிம்பை மட்டும் பிடித்து, அடிப்பக்கத்து முட்கள் வளைந்துவிடாமல் உள்ளங்கையைக் குழித்துக்கொண்டாள். முட்களே இல்லை. அடிப்பக்கம் மொழுமொழுவென்று தங்கப் புள்ளிகளாக இருந்தது.

"முள்ளெல்லாம் போர்டுக்குப் போயிடுச்சும்மா. இப்ப குத்துறது அது, குத்து வாங்குறது இது. காலம் மாறிப் போச்சு."

"எங்கக்கா வீட்டுல மாறவே இல்லை" என்றான் தம்பி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. அவளுக்குத் தெரிந்த கார்டு ஒரு புத்தகத்தின் கனம் இருக்கும். இதை இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருந்தது.

"இது கார்டா, செங்கல்லா?"

"சூளையிலேர்ந்து எடுத்த செங்கல். சூடும் அப்படித்தான் இருக்கும். தானா நிக்காது, அடியில முட்டுக் குடுக்கணும்."

கடைசியாகப் பவர் சப்ளை. அதில் மட்டும் காலம் மாறவில்லை. கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து அவளது இரண்டு கைகளிலும் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு எடை பார்த்தாள். வலது கையில் இருந்தது கனம். அதையே வைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, மறக்கலை. நல்ல பவர் சப்ளைன்னா தூக்கினாலே தெரியணும். எவன் மண்டையிலயாவது போட்டா எந்திரிக்கக் கூடாது" என்றார் அவர்.

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எவன் மண்டை என்ற கேள்வி, அவர்கள் வீட்டில் சிரிக்கிற கேள்வியாக இருந்து ரொம்ப நாளாகிவிட்டது.

அவளது புருஷன் கண்ணாடிக்காரன். ஜன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி அளந்து, அறுத்து, பொருத்துகிறவன். ஆள் உயரக் கண்ணாடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பூனை மாதிரி படியேறுவான். சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிட்டான். "ஒரு நிமிஷம்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவன் அந்த ஒரு நிமிஷத்தையும் காத்திருந்தான். ஆட்டம் முடிந்து அவள் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு, தரையில் பழைய செய்தித்தாளை விரித்தான். கண்ணாடி அறுக்கும் முன் விரிக்கிற மாதிரியே, சுருக்கமில்லாமல், ஓரங்களை நீவிவிட்டு. கம்ப்யூட்டரை அதன்மேல் படுக்கவைத்து மூடியைத் திருகு திருகாகக் கழற்றினான். சின்னச் சுத்தியால் ஒவ்வொன்றாக உடைத்தான். விசிறி சட்டென்று போனது. போர்டு பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. கார்டு மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. எல்லாம் முடிந்ததும் அவளது இடது கையைப் பிடித்து, அதே தாளின்மேல், ஒரு கண்ணாடித் துண்டை வைக்கிற பதத்தோடு வைத்தான். அவள் கையை இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்பதைப் பின்னால் எத்தனையோ பகல்களில் யோசித்துப் பார்த்துவிட்டாள். அவன் செய்து முடிக்கிறவன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவனே தாளை மடித்து, எல்லாத் துண்டுகளையும் பொட்டலமாகக் கட்டி, தரையைத் துடைத்துவிட்டான்.

"கதவிடுக்குல விரல் மாட்டிக்கிச்சு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். "கம்ப்யூட்டரை நான்தான் கீழ போட்டு உடைச்சேன்" என்று தம்பியிடம் சொன்னாள். உதடு கிழிந்தபோது குளியலறையில் வழுக்கியது. விலா கன்றியபோது நாற்காலியிலிருந்து விழுந்தது. 'நான்தான்', 'நானேதான்' என்று எல்லாவற்றையும் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டே வருஷங்களை ஓட்டினாள்.

இறைச்சி ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஏதோ ஒன்று இறுகியது. உறைந்த உடல்களை ரம்பத்தில் கொடுத்து இரண்டாகப் பிளக்கிற வேலை. இடது கையில் இரும்பு வலைக் கையுறை. மடங்கிய விரல்கள் அதற்குள் எப்படியோ அடங்கிக்கொண்டன. எலும்பு எந்த இடத்தில் பிடி கொடுக்கும், எந்த இடத்தில் விட்டுவிடும் என்று கைக்குத் தெரிந்துபோனது. ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனாள். தூங்கிக்கொண்டிருந்த அவனது மணிக்கட்டை, எங்கே விடும் என்று, நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தன்னைக் கண்டே அவளுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் ஒரு பையோடு தம்பி வீட்டு வாசலில் போய் நின்று, விரலைப் பற்றிய உண்மையைச் சொன்னாள்.

சொல்லியிருக்கக் கூடாது.

தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறவன். கேட்டு முடித்ததும் வேனை எடுத்துக்கொண்டு போய், கண்ணாடிக்காரனின் பட்டறையில் சாத்திவைத்திருந்த அத்தனை கண்ணாடிகளையும் டயர் கழற்றும் கம்பியால் அடித்து நொறுக்கினான். போலீஸ் வந்தது. இரண்டு இரவு உள்ளே வைத்து, "இன்னொரு தடவை உன் பேரு இங்க வந்துச்சுன்னா நேரா ஜெயில்தான், வெளிய வர்றதை மறந்துடு" என்று சொல்லி அனுப்பினார்கள். நெற்றியில் தையலோடு வெளியே வந்தவன் அவள் முகத்துக்கு நேராக விரலை நீட்டிச் சொன்னான்: "இனி உன் சாமான்ல ஒண்ணே ஒண்ணை அந்தாளு உடைச்சாலும் சரி, அவன் ரெண்டு கையையும் உடைக்காம விட மாட்டேன். இது சும்மா வாய்ச்சவடால் இல்லக்கா."

வாய்ச்சவடால் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் தடித்த இரும்புக் கேபினட் கேட்டாள். உள்ளே முட்டுக் கொடுத்து இறுக்கிய கார்டு, உலோக உறை போட்ட ராம், விழுந்தாலும் சாகாத எஸ்எஸ்டி. கடைக்குப் போகும் வழியெல்லாம் ஒவ்வொரு பாகத்தையும் மனசுக்குள் சுத்தியால் அடித்துப் பார்த்துக்கொண்டே போனாள். அவளுக்குச் சொந்தமான எதுவும் உடையக் கூடாது. உடைந்தால் தம்பி ஜெயிலுக்குப் போய்விடுவான். அவள் பயந்தது புருஷனை நினைத்து அல்ல, தம்பியை நினைத்து.

தம்பி போய்விட்டால் விளையாட்டும் இல்லை. சின்ன வயதில் இருவருக்கும் சேர்த்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. சண்டையைத் தீர்க்க இருவரும் ஒரே சிப்பாயை ஆட ஆரம்பித்தார்கள். கீபோர்டு அவனிடம், மௌஸ் அவளிடம். அவன் நடப்பான், ஓடுவான், குதிப்பான். அவள் குறி பார்ப்பாள், சுடுவாள். "நீ கால், நான் கை." அப்படிப் பழகிய இருவர் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. இப்போது அவளது இடது கைக்குக் கீபோர்டு வசப்படாது. கால் வேண்டுமென்றால் அவன்தான் வேண்டும்.

"இரும்பு ஒண்ணு இருக்கு" என்று கடைக்காரர் கடைசியில் இறங்கிவந்தார். பின்னறையிலிருந்து கறுப்பாக ஒன்றை மூச்சு வாங்கச் சுமந்துவந்து தொப்பென்று இறக்கினார். "எவன் வாங்கப் போறான்னு பல நாளா தூசு தட்டிக்கிட்டிருக்கேன்."

தம்பி அதை முட்டியால் தட்டிப் பார்த்தான். "பொணத்தைப் போட்டு மூடுற மாதிரி இருக்கு. எக்கா, உனக்கு அந்த வெள்ளைதானே பிடிச்சிருக்கு? வந்ததுலேர்ந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கே."

"இது போதும்."

"ஏன் போதும்? அந்தாளு வந்து உடைப்பான்னுதானே? பயந்துக்கிட்டே வாங்குறதுக்குப் பேரு வாங்குறதா? அதுக்கு அவன் வீட்டுலயே இருந்திருக்கலாமே."

அது பட்ட இடத்தில் பட்டது. கடைக்காரர் எதையோ தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டார். வெள்ளைக் கேபினட்டின் கண்ணாடியில் அவளது முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஊதா விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் வாங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வெள்ளையையே குடுங்க" என்றாள்.

*

சலவைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவளது வீடு. கீழே இயந்திரங்கள் ஓடும்போது தரை மெதுவாக அதிரும். வழவழப்பான பீங்கான் ஓடுகள் பதித்த தரை. மறுநாள் ஆலைக்கு விடுமுறை. மதியம் இருவரும் உட்கார்ந்து பொருத்தத் தொடங்கினார்கள். பெட்டிகளையும் அட்டைகளையும் சுவரோரம் குவித்தாள். கேபினட்டின் கண்ணாடிப் பலகை ஒன்றைக் கழற்றி, எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டுக் கட்டிலின்மேல் படுக்கவைத்தாள். பிராசஸர் உட்கார்ந்தது. ராம் 'டக்'கென்று சொல்லிப் பூட்டிக்கொண்டது. மடங்கிய விரல்களே திருகாணிகளுக்குக் கிண்ணமாயின. தம்பி அதைப் பார்த்துவிட்டு, "பாரு, ஒரு உபயோகம் வந்துடுச்சு" என்றான். அவள் அவன் பின்னந்தலையில் தட்டினாள். நெடுநாளைக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"மானிட்டரை எடுத்துட்டு வரேன். வேன் அடுத்த தெருவுல நிக்குது" என்று சொல்லி அவன் இறங்கிப் போனான்.

புழுக்கத்துக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. பூனை மாதிரி ஏறுகிறவன் அவன். நிமிர்ந்தபோது வாசலில் நின்றான்.

கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். சவரம் செய்து, தலை சீவி, யாரோ வீட்டுக்கு அளவெடுக்க வந்தவன்போல் இருந்தான்.

"ஆலை வாசல்ல பாத்தேன். பின்னாலேயே வந்து வீட்டைத் தெரிஞ்சுக்கிட்டேன். பயப்படாதே" என்றான்.

அவள் கட்டிலில் இருந்த கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தாள். அவன் உட்கார வந்தால் அந்தக் கட்டிலில்தான் உட்காருவான். போய் அதைத் தூக்கி, சுவரோரம் தரையில் சாய்த்து நிறுத்தி, அதற்கு முன்னால் நின்றுகொண்டாள்.

அவன் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே அவளது பழைய மௌஸ். கீறல்கூட இல்லை. "அன்னைக்கு இது மட்டும் முழுசா இருந்துச்சு. எடுத்து வெச்சிருந்தேன்." அதைக் கட்டிலின்மேல் வைத்தான். "வீடு வீடா இல்லை. வா."

"வெளிய போ. தம்பி வந்துக்கிட்டிருக்கான்."

"வரட்டும். என் பட்டறையை என்ன பாடு படுத்தினான்! நான் ஒரு வார்த்தை பேசினேனா?" அவன் கண் அவளைத் தாண்டிக் கீழே போனது. நெற்றி சுருங்கியது. தொழில்காரனின் பார்வை. "அதை அங்க நிக்க வைக்காதே."

அவள் அவன் பார்வையை மறைத்து நின்றாள்.

"சுட்டு இறுக்கின கண்ணாடி அது. நடுவுல சுத்தியால அடி, தாங்கும். ஓரம் தாங்காது. அதுவும் பீங்கான் ஓட்டுமேல ஓரத்தை வெச்சா, ஒரு பொட்டுப் பட்டாப் போதும், மொத்தமும் போயிடும். எடு. கீழ துணியைப் போடு." அவள் அசையாததைக் கண்டு ஒரு எட்டு முன்னால் வைத்துக் கையை நீட்டினான். "தள்ளு, நான் எடுத்து வெக்கறேன்."

எடு. போடு. தள்ளு. அதே தணிந்த குரல். தாளை நீவிவிட்ட அதே கை. அவள் உடம்பில் எங்கேயோ ரம்பம் ஓட ஆரம்பித்தது. அவன் தொடுவதற்குள் கண்ணாடியைப் பிடுங்கித் தூக்கினாள். "என் சாமான். நான் எங்க வேணும்னாலும் வைப்பேன்" என்று சொல்லி, அதைத் தன் காலடியில் தரையில் குத்தினாள்.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கையில் இருந்த பலகை இல்லாமலே போனது. மழையாகக் கொட்டிய குருணைகள் சுவரிலும் கட்டிலிலும் திறந்து கிடந்த போர்டிலும் தெறித்து உருண்டன. அவளது முழங்காலில் ரத்தம் பொடித்தது.

படியில் தடதடவென்று சத்தம். கீழே நின்ற அக்கா புருஷனின் ஸ்கூட்டரை அடையாளம் கண்டுகொண்டு, மானிட்டரை விட்டுவிட்டு, டயர் கழற்றும் கம்பியோடு ஓடிவந்த தம்பி வாசலில் நின்றான். அவன் பார்த்தது இவ்வளவுதான்: தரையெல்லாம் கண்ணாடி, அக்காவின் காலில் ரத்தம், அவளை நோக்கி நீண்டிருந்த ஒரு கை.

அந்தக் கையைத்தான் அடித்தான்.

எலும்பு விட்ட சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். கண்ணாடிக்காரன் கத்தவில்லை. காற்று இறங்கிய டயர்போல் ஒரு மூச்சு விட்டு முழங்காலில் விழுந்தான். கம்பி மறுபடி ஏறியது. தோளில் இறங்கியது. மறுபடி ஏறியது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

திறந்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கின் நுனியில் வந்து நின்றது. அவள்தான் அதை அங்கேயே நிறுத்திவைத்தாள். கம்பி மேலே போய்க் கீழே வரும் அந்த இடைவெளி அவளுக்கு வேண்டியிருந்தது. உதட்டுக்கு ஒன்று. விலாவுக்கு ஒன்று. வாழ்நாளில் அவள் காத்த மௌனங்களிலேயே சுகமான மௌனம் அதுதான். பாதத்துக்கடியில் சலவை இயந்திரம் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

அப்போது தம்பி, கீழே கிடந்தவனின் இன்னொரு கையைக் காலால் மிதித்துத் தரையோடு பிடித்தான். விரல்கள் ஓட்டின்மேல் விரிந்தன. அப்படி விரித்து வைத்த ஒரு கையை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

"விடுடா!" என்று அலறினாள். "அவன் உடைக்கலை. நான்தான் உடைச்சேன்."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு பழைய சலிப்பு.

"இன்னுமாக்கா? இன்னுமா இதையே சொல்லிக்கிட்டிருப்பே?"

"சத்தியமாடா. நானேதான்!"

"எல்லாம் நீயேதான். விரலும் நீயேதான். உதடும் நீயேதான்." கம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். இந்தத் தடவை அது கைக்காகத் தூக்கியது இல்லை.

அவளிடம் மிச்சமிருந்த ஒரே உண்மை, பொய்யாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகளில் இருந்தது. வார்த்தை வேலைக்கு ஆகாது. கைக்கு எட்டிய தூரத்தில் பவர் சப்ளை கிடந்தது. வலது கையால் அள்ளி, ரம்பத்துக்கு உடலைக் கொடுக்கிற அதே வீச்சில், தம்பியின் முழங்கையில் அடித்தாள்.

கம்பி எகிறி ஜன்னலோரம் விழுந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் மோதி, அப்படியே சரிந்து உட்கார்ந்தான். வலியைவிட ஆச்சரியம்தான் முகத்தில் இருந்தது.

"என்னையா அடிச்சே?"

"உன்னைத்தான்."

"இவனுக்காகவா?"

"ஜெயிலுக்குப் போகாதேன்னுதாண்டா அடிச்சேன், மூதேவி!" அவளுக்கு அழுகை பொங்கியது. அதைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். கையிலிருந்த பவர் சப்ளையின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

பிறகு தரையிலிருந்து அந்தத் தணிந்த குரல் வந்தது.

"சொன்னேன்ல... ஓட்டுமேல வெக்காதேன்னு."

தம்பியின் முகம் மாறியது. கண்ணாடிக் குருணைகள் எங்கே குவிந்து கிடக்கின்றன என்று பார்த்தான். அவை கண்ணாடிக்காரனின் பக்கம் இல்லை. அக்காவின் கால்களைச் சுற்றி, அவள் நின்ற இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் சிதறியிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் உதட்டில் ரத்தமே இல்லை.

"நிஜமாவே நீதானா?"

அவள் தலையசைத்தாள்.

கண்ணாடிக்காரன் ஒருக்களித்துப் புரண்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு திசையைப் பார்த்தது. முகமெல்லாம் வியர்வை. ஆனால் குரல் மட்டும் கலையவில்லை.

"படியில விழுந்துட்டேன்னு சொல்லிடறேன். மச்சான் பேரு வெளியவே வராது. கண்ணாடி தூக்குறவன் படியில விழுறது உலகத்துல இல்லாததா? எவனும் கேக்க மாட்டான்." மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ வீட்டுக்கு வந்துடு. போதும்."

அறையில் பழைய பொய் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அவன் அவளுக்காகச் சொல்ல முன்வருகிறான். ஒரே ஒரு 'சரி'யில் தம்பி வெளியே இருப்பான். அவள் உள்ளே இருப்பாள். இரண்டு ஆண்களும் அவள் வாயையே பார்த்தார்கள். கீழே இயந்திரம் சுற்றி முடித்து நின்றது.

"எக்கா" என்றான் தம்பி. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். மெதுவாக, சின்ன வயதில் மிட்டாய் வேண்டாம் என்று பொய் சொல்லும்போது ஆட்டுகிற மாதிரி.

அவள் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். முகவரி சொன்னாள். எப்படி அடிபட்டது, விழுந்துட்டாரா என்று மறுமுனையில் கேட்டார்கள்.

"விழலை. அடிச்சது. கம்பியால. அடிச்சது என் தம்பி" என்றாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நிறைய இடம் விட்டாள். "மூணு அடி விழுற வரைக்கும் நான் பாத்துக்கிட்டு நின்னேன். போலீஸையும் வரச் சொல்லுங்க. என் விரலைப் பத்தியும் சொல்ல வேண்டியிருக்கு. அது கதவுல மாட்டலை."

கண்ணாடிக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். சற்றுப் பொறுத்து, உடையாத கை தானாகவே நகர்ந்தது. பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாளை இழுத்து விரித்து, ஓரத்தை நீவி, பக்கத்தில் கிடந்த குருணைகளை அதன்மேல் ஒதுக்க ஆரம்பித்தான்.

"தொடாதே" என்றாள். "அது என்னோடது."

கை நின்றது.

அவள் கேபினட்டின் முன்னால் உட்கார்ந்து, போர்டில் சிக்கியிருந்த கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ராமுக்கு இடையில் இருந்ததை ஊதி எடுத்தாள். தம்பி சுவரோரமாக நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முழங்கை வீங்கிப் பந்தாகியிருந்தது.

"ஓடுமா இது?"

"துடைச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"நான் எப்ப வருவேன்னு தெரியலக்கா." ஜன்னலோரம் கிடந்த கம்பியைப் பார்த்தான். "கால் இல்லாம என்ன பண்ணுவே?"

வழக்கம்போல அவள் உடனே பதில் சொல்லவில்லை. தெருமுனையில் சைரன் திரும்புவது கேட்டது. கடைசிக் குருணையை நகத்தால் நெம்பி எடுத்து, மடங்கிய விரல்களுக்குள் போட்டுக்கொண்டாள்.

"நின்ன இடத்துலேர்ந்தே சுடறேன்" என்றாள். "நீ வந்து நட."